ஸ்காட்லாந்து கோல்ப் விடுதிகளுக்கு வந்தவர்களே திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கோல்ப் ஆட்டத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். எங்களுக்கும் அந்த ஆட்டம் ஆடத் தெரியாது. ஆனால் கோல்ப் ஆட வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் விடுதிகளின் வியாபாரத்தைத் தெரிந்துகொண்டபோது, இது நம் தொழிலுக்கு மிகவும் நெருங்கிய தொழில் என்று பட்டது. அவர்கள் காட்டி விற்கும் சரக்கு பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. பக்கத்து விடுதிக்காரரிடமும் அதே சரக்குத்தான் இருக்கிறது, அதே விலைதான். நாம் விற்கும் துவரம்பருப்பும் சர்க்கரையும் அப்படித்தானே இருக்கின்றன?

எங்கள் மகளும் மாப்பிள்ளையும் ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வட கடல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை. 2018 ஜூன் மாதம் நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தபோது, டார்னாக் என்ற சிற்றூருக்கு மூன்று நாள் அழைத்துப் போனார். அவர் கோல்ப் ஆடினார், நாங்கள் வேடிக்கை பார்த்தோம். அங்கே தங்கிய விடுதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். முதலில் சரக்கு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கடற்கரையில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே மணல்மேடும் புல்லுமாக ஒரு நிலம் உண்டு. லிங்க்ஸ் என்பார்கள். உழவுக்கு உதவாது, ஆடு மேயும், முயல் பொந்து போடும். அதில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது. ஒரு பந்தை மட்டையால் அடித்து அடித்து, தூரத்தில் இருக்கும் குழியில் விழச் செய்ய வேண்டும். அப்படி 18 குழிகள். ஆடி முடிக்க நாலு மணி நேரம் ஆகும், ஆறேழு கிலோமீட்டர் நடை. 1457-இலேயே இந்த ஆட்டத்தை ஸ்காட்லாந்துப் பார்லிமென்ட் தடை செய்தது. ஜனங்கள் வில்வித்தை பழகாமல் இதிலேயே கிடக்கிறார்கள் என்று. தடை போட்டும் ஆட்டம் நிற்கவில்லை.

இந்த ஆட்டத்துக்குத் தலைநகரம் போல இருப்பது செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்குள்ள பழைய மைதானத்தில் ஆடுவதைப் பலர் வாழ்நாள் ஆசையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எந்த விடுதிக்கும் சொந்தமில்லை, எந்தச் சங்கத்துக்கும் சொந்தமில்லை. 1552-இல் ஆர்ச்பிஷப் ஹாமில்டன் கொடுத்த சாசனத்தில், அந்த நிலத்தில் ஊரார் ஆடுவதற்கு உள்ள உரிமை எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு விபரீதமும் நடந்தது. 1797-இல் கடனில் மூழ்கியிருந்த நகரசபை நிலத்தை முயல் வியாபாரிகளிடம் விட்டுவிட்டது. முயல்கள் பெருகி மைதானத்தைத் தோண்டிப் போட, ஊராருக்கும் வியாபாரிகளுக்கும் பல ஆண்டுகள் வழக்கும் அடிதடியும் நடந்தன. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கிய பிறகே தகராறு ஓய்ந்தது. (இந்த ஒரு கதையில் வியாபாரிகள் பக்கம் பேச எங்களுக்கு மனம் வரவில்லை.) 1974-இல் தனிச் சட்டம் போட்டு, ஓர் அறக்கட்டளையின் கையில் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் குழந்தை குட்டிகளோடும் நாய்களோடும் அங்கே உலாவுகிறார்கள்.

வெளியூர் ஆட்டக்காரர்கள் முன்கூட்டிப் பதியலாம், அல்லது இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுத்துக் குலுக்கலில் அதிர்ஷ்டம் பார்க்கலாம். கோடையில் ஓர் ஆட்டத்துக்கு முந்நூறு பவுனுக்கு மேல் கட்டணம். நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். எந்த விடுதியில் தங்கினாலும் இதே மைதானம்தான், இதே கட்டணம்தான். அப்படியானால் ஒருவர் ஆண்டுதோறும் ஒரே விடுதியைத் தேடி வருவது எதற்காக?

இந்த விடுதித் தொழிலைப் பெரிய அளவில் தொடங்கியவர்கள் ரயில் கம்பெனிகள். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் கடைசியில் கிளாஸ்கோ, எடின்பரோ, டண்டி நகரங்களில் தொழில் பெருகி, கையில் காசு புரண்ட குடும்பங்கள் கோடையில் கடற்கரைக்குப் புறப்பட்டன. டண்டி என்றால் நமக்கும் ஒரு பந்தம் உண்டு. வங்காளத்துச் சணலை வாங்கிச் சாக்கு நெய்து உலகத்துக்கே விற்ற ஊர் அது. ஸ்காட்லாந்துக்காரர்கள் வியாபாரம் செய்யப் போன கல்கத்தாவில் 1829-இலேயே கோல்ப் சங்கம் ஏற்பட்டுவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்டம் அவ்வளவு உயிர். அதனால் ரயில் கம்பெனிகள் கணக்குப் போட்டன: கடற்கரையில் மைதானமும் விடுதியும் கட்டினால், டிக்கெட்டும் விற்கும், அறையும் விற்கும்.

அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. அபர்தீனுக்கு வடக்கே குரூடன் பே என்ற கடலோர ஊர். அபர்தீனைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் நார்த் ஆப் ஸ்காட்லாந்து ரயில் கம்பெனி 1897-இல் அங்கே கிளைப்பாதை போட்டது. 1899-இல் இளஞ்சிவப்புக் கருங்கல்லில் அரண்மனை போல ஒரு விடுதி எழுப்பியது. அதே ஆண்டில் மைதானமும் திறந்தது. ஸ்டேஷனிலிருந்து விடுதி வாசல் வரை விருந்தினர் நடக்கக்கூடாது என்று மின்சார டிராம் வண்டியே விட்டார்கள். அந்த டிராமில் துணி மூட்டையும் போய்வந்தது. அபர்தீனில் அதே கம்பெனி நடத்திய விடுதிகளின் அழுக்குத் துணியும் இங்கே வந்துதான் வெளுத்துப் போனது.

இவ்வளவு முதல் போட்டும் கூட்டம் நினைத்தபடி வரவில்லை. ஊர் தெற்கத்திய நகரங்களுக்கு எட்டாத தூரம். கோடையோ சில மாதம்தான். கிளைப்பாதையில் வருமானம் போதாமல் 1932-இல் பயணி ரயிலை நிறுத்தினார்கள். ரயிலுக்காகக் கட்டிய விடுதிக்கு ரயிலே இல்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. போர் முடிந்த பிறகு விருந்தினருக்கு அது திறக்கவே இல்லை; இடித்துவிட்டார்கள். அந்த டிராம் வண்டி ஒன்றைச் செப்பனிட்டு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அந்த இடத்தைக் காட்டியபோது எங்களுக்கு ஒரு கல்கூட அடையாளம் தெரியவில்லை. மைதானம் மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கிறது, நாலா திசையிலிருந்தும் ஆட வருகிறார்கள்.

அதே ஊரில் கில்மார்னாக் ஆர்ம்ஸ் என்று ஒரு சின்ன விடுதி. ரயில் வருவதற்கு முன்பே இருந்தது. டிராகுலா நாவல் எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890-களில் அங்கே வந்து தங்கியிருக்கிறார். பெரிய விடுதி எழுந்தபோதும் அது இருந்தது, பெரிய விடுதி இடிந்து பல பத்தாண்டு ஆன பிறகும் அது நடந்தது. உள்ளூர்க்காரர்கள் மாலையில் வந்து உட்காரும் இடம் அது. குளிர்காலத்தில் வெளியூர் ஆள் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அடுப்பு எரியும். பெரிய விடுதிக்கு உள்ளூர் வாடிக்கை என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கருத்தில் வித்தியாசம் இதுதான். ஒரே ஒரு பாதை வழியாக வரும் வாடிக்கையை நம்பிப் பெரிய முதலைப் போட்டுவிட்டார்கள்.

பெரியது எல்லாம் அழிந்தது, சிறியது எல்லாம் வாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். மேற்குக் கரையில் 1906-இல் திறந்த டர்ன்பெரி விடுதி இரண்டு உலகப் போரையும் தாண்டிற்று. இரண்டாம் போரில் அதன் மைதானத்தின் மேலேயே விமான ஓடுதளம் போட்டார்கள். பிறகு கான்கிரீட்டைப் பெயர்த்து மறுபடி புல் வளர்த்தார்கள். க்ளெனீகிள்ஸ் விடுதி 1924-இல் திறந்தது, இன்றும் உலகப் புகழோடு இருக்கிறது. அது வெகுகாலம் குளிர்காலத்தில் மூடிக்கிடந்த விடுதி. 1980-களில் ஆண்டு முழுவதும் திறக்கத் தொடங்கிய பிறகே புது உயிர் வந்தது. அவற்றுக்குச் சொந்த மைதானம் உண்டு, தாங்கும் முதலும் உண்டு. நம்மைப் போன்றவர்கள் அந்த வழியில் போக முடியாது என்பதால் அதை இத்துடன் விடுகிறோம்.

இனி டார்னாக். இன்வர்னஸ் நகரிலிருந்து வடக்கே எழுபது கிலோமீட்டர். கல்லால் கட்டிய பழைய தேவாலயம், ஒரு சதுக்கம், சில கடைகள், பிறகு கடல். அவ்வளவுதான் ஊர். அங்கே 1616-இலேயே கோல்ப் ஆடியதற்குக் கணக்கேட்டில் சான்று இருக்கிறது. சங்கம் ஏற்பட்டது 1877-இல். 1902-இல் ரயில் வந்தது, 1960-இல் ரயில் போய்விட்டது. குரூடன் பேயில் நடந்தது இங்கும் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஒரு காரணம், அதற்குள் ஜனங்களிடம் கார் வந்துவிட்டது. இன்னொன்று, இந்த ஊரில் 1872-இல் பிறந்து, தச்சு வேலை பழகி, 1899-இல் அமெரிக்கா போன டொனால்ட் ராஸ் என்பவர். அந்த நாட்டில் நூற்றுக்கணக்கான கோல்ப் மைதானங்களை வடிவமைத்தவர் அவர். அவர் பழகிய மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் இங்கே தேடி வருகிறார்கள். அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் டாம் வாட்சன் 1981-இல் வந்து ஆடிப் போனார். 1991-இல் கடற்கழியின் குறுக்கே பாலம் கட்டியதும் பயணம் சுருங்கிற்று.

நாங்கள் தங்கிய விடுதிக்குப் பத்துப் பன்னிரண்டு அறை இருக்கும். பெயர் வேண்டாம், விளம்பரம் என்று நினைப்பார்கள். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள், எங்கள் வயதுதான். போய் இறங்கியபோது நல்ல மழை. அந்த அம்மையார் வாசலுக்கு வந்து, பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் எங்கள் செருப்பையும் சால்வையையும் வாங்கிக்கொண்டார். உலர்த்துவதற்கென்றே ஒரு தனி அறை. வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன, சுவரெல்லாம் கொக்கிகள், கீழே காலணிகளுக்குத் தட்டுகள். அந்த ஊரில் ஆட்டக்காரன் நனையாத நாள் குறைவு. சாயங்காலம் சொட்டச் சொட்ட வந்தவனுக்குக் காலையில் காய்ந்த காலணி கிடைக்க வேண்டும். மாப்பிள்ளை சொன்னார், கோல்ப் ஆடுகிறவர்கள் விடுதி பிடிக்கும்போது மெத்தையைப் பற்றிக் கேட்பதைவிட உலர்த்தும் அறையைப் பற்றித்தான் கேட்பார்களாம்.

விடிகாலை ஆட்டம் என்றால் ஆறு மணிக்கே காலை உணவு. நாங்கள் மரக்கறிக்காரர்கள் என்றதும் அந்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை. ஓட்ஸ் கஞ்சியில் அவர்கள் ஊர் வழக்கப்படி உப்புப் போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டம்மாவுக்கு நம் ஊர்க் கஞ்சி போல இருக்கிறதென்று ஒரே சந்தோஷம். மதியத்துக்குக் கட்டுச்சோறு போல ரொட்டிப் பொட்டலம். மைதானத்தில் நேரம் வாங்கித் தருவதும், பை தூக்கும் ஆளை ஏற்பாடு செய்வதும், நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வதும் விடுதிக்காரர் வேலை. இதற்கெல்லாம் தனிக் கட்டணம் எழுதவில்லை. இரவு பத்து மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகும் இரண்டு மூன்று குழி ஆடிவிட்டு வருகிறவர்கள் உண்டு. வந்ததும் கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பந்து எங்கே தவறிற்று என்று பேச்சு. விடுதிக்காரரும் நின்று கேட்கிறார். தினமும் அதே கதையைத்தானே கேட்கிறார், எப்படிச் சலிக்கவில்லை என்று எங்களுக்கு வியப்பு.

அங்கே வடக்கு இங்கிலாந்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பத்தொன்பதாவது ஆண்டாக அதே வாரம், அதே விடுதி. கிளம்புகிற காலையில் கணக்குத் தீர்க்கும்போதே அடுத்த ஆண்டு அதே வாரத்துக்குப் பெயர் எழுதி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துப் போனார்கள். இது எல்லா ஊர் விடுதியிலும் உள்ள வழக்கமாம். பல விடுதிகளில், ஆள் சேர்த்து அழைத்து வருகிறவருக்கு ஓர் அறை இலவசம். ஜூன் மாதத்திலேயே அடுத்த ஜூனுக்கான விற்பனை முடிந்துவிடுகிறது. விளம்பரச் செலவு இல்லை, தரகு இல்லை.

தரகு என்றோமே, அதுதான் இன்று அவர்களுக்குப் பெரிய தலைவலி. கைபேசியில் அறை பதிகிற கம்பெனிகள் வந்த பிறகு, நூற்றுக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் போகிறது. நம் நகரங்களில் கைபேசியில் தட்டினால் பத்து நிமிடத்தில் பருப்பு வந்து இறங்குகிறது. நம் உறுப்பினர்கள் படுகிற பாடு அங்கேயும் இருக்கிறது. அந்த விடுதிக்காரர் அதை ஒதுக்கவில்லை. முதல் தடவை வருகிறவர் அந்த வழியில் வரட்டும், தரகு கொடுக்கிறேன், இரண்டாம் தடவை எனக்கே போன் செய்ய வைப்பது என் வேலை என்றார்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் இதற்கு ஒரு பழங்கதை உண்டு. ஆலன் ராபர்ட்சன் என்பவர் தோலுக்குள் இறகு திணித்துக் கோல்ப் பந்து செய்து விற்றார். நல்ல விலை, நல்ல பெயர். 1848 வாக்கில் மலாய் நாட்டு மரப்பால் பிசினான கட்டாபெர்ச்சாவில் உருட்டிய பந்து வந்தது. விலையோ மிகக் குறைவு. ராபர்ட்சன் அந்தப் பந்தைத் தொடமாட்டேன் என்று நின்றார். அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் ஒரு நாள் அதில் ஆடிவிட்டார் என்பதற்காக இருவருக்கும் மனக்கசப்பு வந்து பிரிந்தார்கள். கடைசியில் ராபர்ட்சனும் அதே பந்தைச் செய்து விற்க வேண்டியதாயிற்று. டாம் மாரிஸ் 1860-களில் ஊர் திரும்பி வைத்த கடை, பழைய மைதானத்தின் பதினெட்டாம் குழிக்கு எதிரே இன்றும் இருக்கிறது.

எங்கள் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இருபத்தைந்து ஆண்டு எங்களிடம் சரக்கு எடுத்த ஒரு சில்லறை வியாபாரி வேறு மண்டிக்குப் போய்விட்டார். விலையிலா குறை என்று விசாரித்தோம். விலை இல்லை. மூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று கடை முன்னால் கிடந்த பெஞ்சை நாங்கள் எடுத்துவிட்டோம். அவருக்கு முழங்கால் வலி. பில் போடும் வரை வெயிலில் அரை மணி நின்றிருக்கிறார், இரண்டு மூன்று தடவை. யாரும் கவனிக்கவில்லை. நாங்களும் கல்லாவில்தான் இருந்தோம். டார்னாக்கில் அந்த உலர்த்தும் அறையில் எங்கள் செருப்பைத் தேடி எடுக்கும்போது அவர் நினைவுதான் வந்தது. ஊர் திரும்பிய வாரமே பெஞ்சைப் போட்டோம். அவர் திரும்பி வரவில்லை, மற்றவர்கள் உட்காருகிறார்கள்.

2020-இல் கொரோனா வந்தபோது அங்கே மார்ச் மாதத்திலிருந்து விடுதிகளை மூடினார்கள். ஜூலை நடுவில் திறந்தும் அமெரிக்கர்கள் வரவில்லை. அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பெரிய அடி. வாடிக்கையாக வருகிறவர்களில் பலர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொண்டார்களாம். அந்தப் பன்னிரண்டு பேரும் அப்படித்தான் செய்தார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். 2022-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் 150-ஆவது ஓப்பன் போட்டி நடந்தது. அதற்குப் பிறகு கூட்டம் அலைமோதுகிறது, கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது.

கூட்டம் கூடினால் பெரிய முதல் தேடி வரும். அமெரிக்கக் கம்பெனி ஒன்று ஸ்காட்லாந்தின் பழைய கோல்ப் விடுதிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் புதுப்பித்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1887-இல் ஒரு ஜெர்மானியர் தொடங்கிய ரூசாக்ஸ் விடுதியும் அதில் சேர்ந்துவிட்டது. டார்னாக்கில் ரயில் கம்பெனி கட்டிய பழைய விடுதியும் அவர்கள் கைக்குப் போயிற்று. கட்டடம் அழகாகிறது, அறை வாடகையும் உயருகிறது. ஆண்டுதோறும் சேர்த்து வைத்து வருகிற குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் இனி எங்கே தங்குவார்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அந்த ஊரிலேயே இரண்டு பேச்சு இருக்கிறது. வேலை கிடைக்கிறது என்பவர்களும் உண்டு.

எங்கள் விடுதிக்காரத் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் எடின்பரோவில் வேலை. விடுதியை எடுத்து நடத்த இருவருக்கும் விருப்பமில்லை. விலைக்குக் கேட்டு இரண்டு தடவை ஆள் வந்து போயிற்றாம். இதுவரை கொடுக்கவில்லை. வருகிற செப்டம்பருக்கு இரண்டு அறை வேண்டும் என்று மாப்பிள்ளை போன மாதம் போன் செய்தபோது அந்த அம்மையாரே எடுத்திருக்கிறார். இந்தியாவிலிருந்து பெரியவர்களும் வருகிறார்களா, கஞ்சிக்கு உப்புத்தானே என்று கேட்டாராம். நாங்கள் அங்கே தங்கிய பிறகு எத்தனை ஆண்டு ஓடிவிட்டது! அடுத்த வாரம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுக்க இருக்கிறோம்.